கோச்சிங்கா, கவுன்சிலிங்கா, சிகிச்சையா? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த வாரத்தில் உங்களில் பலர் என்னைப் பார்க்க வந்தீர்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டீச்சர், பிள்ளைய ஒரு கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொருவர் மனதிலும் இருந்தது வேறு வேறு. ஒருவருக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு மகனை எதில் சேர்ப்பது என்ற குழப்பம். ஓர் அம்மாவுக்கு, மகள் இரவில் தூங்குவதே இல்லை என்ற பயம். இன்னொருவர் கையில் 'மைண்ட் கோச்' ஒருவரின் நோட்டீஸ் இருந்தது.

நம்மிடையே இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கவுன்சிலிங் என்றால் பொறியியல் சீட்டு நினைவுக்கு வருகிறது. ஆசிரியர்களுக்கோ அது இடமாறுதல் கலந்தாய்வு. கோச்சிங் என்றால் நீட் வகுப்பு, கன்சல்டிங் என்றால் டாக்டர் ஃபீஸ். பேச்சில் கலந்தால் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் கலப்பால் பிள்ளை தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், வேறொரு பள்ளியில் வேலை பார்த்தபோது, பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நன்றாகப் படித்தவள் திடீரென்று பின்தங்கினாள். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் அவளைக் கூப்பிட்டு, "நீ தைரியமான பொண்ணு, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். அது ஆறுதல் என்றே அன்று நம்பினேன். வீட்டில் கடன் வாங்கி ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சி முகாமில் சேர்த்தார்கள். காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும், தினமும் இலக்கை எழுதி அதற்கு டிக் போட வேண்டும். அந்தப் பிள்ளையால் படுக்கையை விட்டே எழ முடியவில்லை. டிக் போடாத ஒவ்வொரு நாளும், 'என்னால் இதுகூட முடியவில்லை' என்று தன் மேலேயே பழி போட்டுக்கொண்டாள். மூன்று மாதம் அப்படியே போனது. கடைசியில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் பார்த்து, இது மனச்சோர்வு நோய் என்றார். சிகிச்சை தொடங்கினார்கள், அவள் தேறினாள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

கோச்சிங் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. 'கோச்' என்ற சொல் ஹங்கேரியில் அதே பெயருள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்தது. அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வு தாண்டிக் கொண்டுசேர்க்கும் ஆசிரியரை விளையாட்டாக 'கோச்' என்றார்கள். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. ரயிலில் நாம் தேடும் கோச்சும் அதே சொல்தான். எனக்கு இது பிடித்த விஷயம், ஏனென்றால் பொருள் இதிலேயே இருக்கிறது: போக வேண்டிய ஊரும் ஏறி உட்காரும் தெம்பும் பயணிக்கு இருந்தால், வண்டி கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நம் பி.டி. சார் கபடிப் பிள்ளைகளிடம் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தோற்ற பிறகு அவர் திட்டமாட்டார். "அந்த ரெய்டுல எந்த இடத்துல தாமதிச்சே? அடுத்த தடவை என்ன மாத்துவே?" என்று கேட்பார். பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அதைச் செய்தானா என்று மறக்காமல் பார்ப்பார். நல்ல கோச்சிங் இதுதான். கேள்வி அவருடையது, இலக்கும் பதிலும் உழைப்பும் பிள்ளையுடையவை. நேரத்தைத் திட்டமிடுவது, மேடைப் பேச்சு, படிக்கும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் அது அருமையாக உதவும். பிள்ளை தூங்குகிறது, சாப்பிடுகிறது, சிரிக்கிறது, ஆனால் முன்னேற வழி தெரியாமல் நிற்கிறது என்றால் தாராளமாக அனுப்புங்கள்.

கன்சல்டிங் நேர் எதிர். அங்கே விஷயம் தெரிந்தவர் பதில் சொல்வார், நாம் கேட்டுக்கொள்வோம். எந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரி, கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்பதெல்லாம் இந்த வகை. இதற்கு 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, எங்கள் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பணம் கொடுத்து வெளியே போகுமுன் எங்களைக் கேளுங்கள். ஓர் அப்பா, கணக்கில் மதிப்பெண் குறைந்த மகனை சைக்காலஜிஸ்டிடம் காட்டலாமா என்று கேட்டார். பேசிப் பார்த்தால், பையனுக்கு வணிகவியல் படிக்க ஆசை. அதை வீட்டில் சொல்லப் பயம், அவ்வளவுதான்.

கவுன்சிலிங் என்பது பிள்ளையின் மனதில் உள்ளதை யாராவது முழுதாகக் கேட்பது. தாத்தா இறந்துவிட்டார், நெருங்கிய தோழி பேசுவதில்லை, வீட்டில் சண்டை, தேர்வு என்றாலே வயிறு கலங்குகிறது. இப்படிக் குறிப்பிட்ட ஒரு கஷ்டத்தைப் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு சில சந்திப்புகளில் பேசிக் கடக்கலாம். ஆலோசகர் அறிவுரை சொல்லவில்லையே என்று குறைப்படாதீர்கள். அறிவுரை சொல்ல நாம் போதுமான அளவு இருக்கிறோம்.

உளவியல் சிகிச்சை இன்னும் ஆழமானது. அது நோய்க்குச் செய்யும் வைத்தியம். மனச்சோர்வு, அடங்காத பதற்றம், பழைய அதிர்ச்சி விட்டுப்போன காயம் இவற்றுக்கு முறையாகச் செய்வது. ஓர் உதாரணம் சொல்கிறேன். அழுக்கு ஒட்டிவிட்டதோ என்று நாளெல்லாம் கை கழுவிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, "கழுவாதே" என்று சொல்வதால் பயனில்லை. சிகிச்சையாளர் துணையாக இருந்து, பயப்படும் பொருளைத் தொட வைத்து, உடனே கழுவாமல் பொறுத்திருக்கச் சிறிது சிறிதாகப் பழக்குவார். வாரம் ஒரு முறை என்று மாதக்கணக்கில் போகலாம். சிலருக்குக் கூடவே மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவர்தான் எழுத முடியும். கவுன்சிலிங்குக்கும் சிகிச்சைக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை கிடையாது. ஒருவரே இரண்டையும் செய்யவும் கூடும்.

சரி, எப்போது மருத்துவரிடம் போவது? தூக்கம், பசி, படிப்பு, நட்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் சரிந்தே கிடந்தால், பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டால் போங்கள். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால், கையில் கீறல் இருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். "நான் இல்லாட்டி நல்லாருக்கும்" என்று ஒரு தடவை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கும் அழைக்கலாம். பிள்ளைகளே நேரடியாக அழைக்க 1098 இருக்கிறது.

'கீழ்ப்பாக்கம்' என்று ஒருவரை ஒருவர் கேலி செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே இருப்பது 1794இல் தொடங்கி இன்றுவரை மக்களைக் குணப்படுத்திவரும் மனநல மருத்துவமனை. அந்தக் கேலியைப் பிள்ளைகள் காதில் விழும்படி பேசாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, தனக்கு ஏதாவது என்றால் வாயைத் திறக்காது.

யாரிடம் போனாலும் தகுதியைக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். 'கோச்' என்று பலகை வைக்க நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்களால் முடியாத பிரச்சினை என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?" நல்ல கோச் உடனே பதில் சொல்வார். "எல்லாவற்றையும் நானே சரி செய்வேன்" என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆலோசகரிடம் பிள்ளை சொன்னதை, வெளியே வந்ததும் "உள்ளே என்ன பேசினே?" என்று துருவாதீர்கள். அங்கே சொல்வது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் பிள்ளை பேசுகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகரே உங்களிடம் சொல்வார். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கோச், ஆலோசகர், நான், நீங்கள், யாராக இருந்தாலும் மூடி மறைக்க முடியாது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதலில் என்னிடம் வாருங்கள். நான் சிகிச்சை தரமாட்டேன், அதற்கு எனக்குப் படிப்பில்லை. எந்த இடம் பொருத்தம் என்று சேர்ந்து யோசிப்போம். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு உங்களோடு நானும் வருகிறேன். செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 5.30 வரை என் அறையில் இருப்பேன். மற்ற பெற்றோர் பார்ப்பார்களோ என்று தயங்குகிறவர்கள் பின்பக்க வாசல் வழியாக வரலாம், வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரேங்க் கார்டு கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்