மாப்ள, லென்ஸ் வாங்கியாச்சு

மாப்ள,

எப்படில இருக்க. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு உன் தம்பி சொன்னான், மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. சொட்டு மருந்த நேரம் தவறாம விடு, ரெண்டு நாள் நல்லாருக்குன்னு அம்மா அடுப்படிக்குப் போயி புகையில நிப்பாங்க, நீதான் பிடிச்சு உக்கார வைக்கணும். இங்க எல்லாரும் சுகம். பெரியவ பன்னெண்டாவது, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் வீட்டுல லைட்டு எரியுது, கூட அவ அம்மாவும் முழிச்சிருக்கா.

போன வாரம் நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். நம்ம கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துல வரித்தலை வாத்து எறங்கியாச்சு, உன் நிக்கான் டி90 கேமராவுக்கு ஒரு பெரிய லென்ஸ் பழசா பாத்து சொல்லுன்னு கேட்டேல்ல. இத போன்ல சொன்னா பாதி சொல்லி பாதி விட்ருவேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். முதல் சேதி, நான் வாங்கிட்டேன். நிக்கான் 200-500 எம்எம் ஜூம், எஃப் 5.6 (வெளிச்சம் உள்ள விடுற துவாரம் இருக்கே, அபெர்ச்சர், அதோட அளவு). செகண்ட் ஹேண்ட். 62,000 ரூபா. ரெண்டாவது சேதி, நீ இந்த லென்ஸ வாங்காத. ஏன்னு கீழ சொல்றேன், அவசரப்பட்டு எவன்கிட்டயும் டோக்கன் போட்றாத.

உனக்கு ஞாபகம் இருக்கா, எட்டாவது படிக்கையில உங்க மாமாவோட யாஷிகா கேமராவ கேட்டு வாங்கிட்டு ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல கூந்தன்குளம் போனோமே. 36 படம் ஒரு ரோலு. மூச்சப் பிடிச்சு மூச்சப் பிடிச்சு எடுத்தோம். பிரிண்ட் போட்டு வந்தப்ப எல்லா படத்துலயும் தண்ணி, நடுவுல வெள்ளப் புள்ளி. அதுல ஒரு புள்ளிய காட்டி இதுதான்ல கூழைக்கடான்னு நீ சத்தியம் பண்ண. அந்த புள்ளி என்னைக்காவது முழுசா, கண்ணு இமை தெரியிற அளவுக்கு வரணும்னு அன்னைக்கு புடிச்ச ஆசைடா இது, முப்பது வருஷமா உள்ள கெடக்கு.

சரி, வெலை ஏன் எறங்கியிருக்குன்னு முதல்ல சொல்றேன், அது தெரிஞ்சாத்தான் பேசவே முடியும். இந்த 200-500 வந்தது 2015-ல. அமெரிக்காவுல அன்னைக்கு 1,400 டாலர், நம்ம ஊர்ல லட்சத்த ஒட்டி. நிக்கான் கம்பெனி லென்ஸ்ல 500 எம்எம் வரைக்கும் போயி, முழு ஜூம்லயும் 5.6 குடுக்கிறது அந்த காசுக்கு வேற இல்ல, பறவை எடுக்கிற முக்காவாசி பேரு அதத்தான் வாங்குனாங்க. அப்புறம் உள்ள கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா வந்துச்சு, 2023-ல நிக்கான் அந்த புது இசட் கேமராவுக்கே 180-600 லென்ஸ் விட்டாங்க. உடனே பழச வச்சிருந்தவங்க எல்லாம் விக்க ஆரம்பிச்சாங்க. லென்ஸு கெட்டுப்போயி விக்கல, கேமராவ மாத்திட்டதால விக்கிறாங்க. அதனாலதான் இப்ப நல்ல பீஸு நல்ல வெலைக்கு கெடைக்குது, நடுவுல எஃப்டிஇசட்னு ஒரு அடாப்டர் வளையம் போட்டா இசட் கேமராவுலயும் ஓடும்ங்கிறதால அடிமாட்டு வெலைக்கும் போகல.

ரெண்டு மாசம் ஒண்ணும் வாங்காம பாத்துட்டே இருந்தேன். ஒரு நோட்டு போட்டு, எந்த ஊரு, என்ன கேக்குறான், பில் இருக்கா, பாக்ஸ் இருக்கா, எத்தன நாள்ல அந்த விளம்பரம் காணாமப் போச்சு, எல்லாம் எழுதிட்டே வந்தேன். கடைசியா சொன்னதுதான் முக்கியம் மாப்ள. கேக்குற வெலைய வச்சு ஒண்ணும் தெரியாது, 80 ஆயிரம் கேட்டவன் ரெண்டு மாசமா 80-லயே நிக்கிறான், 64-னு போட்டவன் நாலு நாள்ல வித்துட்டு போயிட்டான். அப்ப ஜனங்க உண்மையில குடுக்குற காசு 64 பக்கம்தான. பில்லோட சுத்தமான பீஸ் 65-ன்னு என் நோட்டு சொல்லுச்சு.

நடுவுல ரெண்டு அடி பட்டேன், அதையும் சொல்லிடுறேன், உனக்கு உதவும். ஒருத்தன் 38,000-ன்னு போட்ருந்தான், வேற ஊருக்கு மாத்தலாம், அவசரமாம், ஒன்பது பேரு கேட்டுட்டாங்க 3,000 டோக்கன் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்னான், நானும் ஆபீஸ்ல நின்னுக்கிட்டே ஜிபேல போட்டுட்டேன், சாயங்காலம் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். 3,000 ரூபா போச்சு. வீட்டுல சொல்ல நாலு நாள் ஆச்சு. வெலை ரொம்ப கம்மியா இருந்தா அது லென்ஸோட வெலையே இல்ல. பொருள கையில வாங்கி, கேமராவுல மாட்டிப் பாக்காம ஒத்த ரூபா போடக் கூடாது, ஆளு எவ்வளவு நல்லா பேசுனாலும்.

இன்னொன்னு ஒரு கடையில. 55 சொன்னாங்க. வெளிய பாக்க பளபளன்னு புதுசு மாதிரி. மொபைல் டார்ச்ச பின்பக்கத்துலேர்ந்து அடிச்சு முன்னாடி சாய்ச்சுப் பாத்தா உள்ள ஒரு ஓரத்துல செலந்தி வலை மாதிரி நூலு நூலா ஓடுது. ஃபங்கஸ். கடைக்காரர் அது தூசி சார், படத்துல தெரியாதுன்னாரு. தூசின்னா புள்ளி புள்ளியா இருக்கும், அது எல்லா பழைய லென்ஸ்லயும் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஜூம் லென்ஸு முன்ன பின்ன போகையில காத்த இழுக்கும், கூட தூசியும் போகும், அதுக்கு பயப்பட வேண்டியதில்ல. வலை மாதிரி கிளை விட்டு ஓடுனா அது வேற கதை. விட்டா கோட்டிங்கயே அரிச்சிரும், அரிச்ச பிறகு தொடச்சாலும் தடம் போகாது. சென்னையில இந்த ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பீரோவுக்குள்ள பைய மூடி வச்சா போதும், தானா வந்துரும். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

மூணாவதுதான் இது. மேடவாக்கம் பக்கம் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆனவரு. பேரு வேண்டாம். தோள்பட்டை வலி, இந்த லென்ஸு ட்ரைபாட்ல மாட்டுற காலரோட 2.3 கிலோ, தூக்க முடியலன்னுதான் விக்கிறாரு. போன்லயே அவரா சொன்னாரு, தம்பி முன்னாடி மாட்டுற ஹூடு விரிசல் விட்ருக்கு, டேப் ஒட்டியிருக்கேன், உள்ள நாலஞ்சு தூசி இருக்கு, பாத்துட்டு புடிச்சா எடுத்துக்கங்கன்னு. (இந்த லென்ஸுக்கு அந்த ஹூடு கொஞ்சம் சவளையான பிளாஸ்டிக்குதான், நெறைய பேருக்கு லூசாகிருக்கு.) கேக்குற வெலை 70.

என் டி7200 கேமராவையும் ஒரு டார்ச்சையும் எடுத்துட்டு போனேன். முதல்ல மேல பாத்தேன், கேமராவுல மாட்டுற மவுண்ட் தேய்ஞ்சிருக்கா, ஸ்க்ரூ தலை கடிபட்டு இருக்கா. ஸ்க்ரூவுல தடம் இருந்தா யாரோ தொறந்திருக்காங்கன்னு அர்த்தம். பில்லுல உள்ள சீரியல் நம்பரும் லென்ஸ்ல உள்ளதும் ஒண்ணான்னு பாத்தேன். 2019 பில்லு. அப்புறம் டார்ச்சு. அப்புறம் மாட்டி, எஃப் 16-ல வச்சு பிரிவியூ பட்டன அமுக்கி முன்னாடி பாத்தா அபெர்ச்சர் பிளேடு ஒழுங்கா மூடுது, எண்ணெய்க் கசிவு இல்ல. கை நடுக்கத்த அடக்குற விஆர் ஆன் பண்ணி ஷட்டர் பட்டன பாதி அமுக்குனா லேசா ஒரு முனகல், வியூஃபைண்டர்ல படம் அப்படியே ஒட்டுன மாதிரி நிக்குது. கிட்ட ஒரு பூந்தொட்டி, தூரத்துல ஒரு கம்பம், மாத்தி மாத்தி இருபது தடவ ஃபோகஸ் பண்ணேன், ஒரு தடவ கூட தேடி அலையல. ஜூம் ரிங் 200-லேர்ந்து 500-க்கு திருப்ப கைய ரெண்டு மொற மாத்திப் பிடிக்க வேண்டியிருந்துச்சு, அது அந்த லென்ஸோட அமைப்பு, கோளாறு இல்ல. நடுவுல எங்கயும் கரகரன்னு மணல் உரசுற மாதிரி இல்ல, அதுதான் வேணும்.

எல்லாம் சரி, மொட்டை மாடியில போயி தூரத்துல ஒரு தண்ணி டேங்க்ல எழுதியிருந்தத 500-ல எடுத்தா எழுத்தெல்லாம் கூழா இருக்குடா. எனக்கு உள்ள பக்குன்னு ஆயிருச்சு. பத்து படம் எடுத்தேன், பத்தும் அப்படித்தான். மணி பதினொன்னரை. பெரியவர் ஸ்க்ரீன எட்டிப் பாத்துட்டு, இது கானல் தம்பி, வெயில் ஏறிட்டா தரையிலேர்ந்து சூடு அலையடிக்கும், நீங்க அஞ்சு லட்ச ரூபா லென்ஸ் போட்டாலும் இப்படித்தான் வரும், நாளைக்கு காலைல வாங்க, பெரும்பாக்கம் ஏரிக்கு போவோம், அங்க பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னாரு. விக்க வந்த மனுஷன், காச வாங்கிட்டு அனுப்பலாம், நாளைக்கு வான்னு சொல்றாரு பாரு.

மறுநாள் ஆறரைக்கு அங்க. பனி லேசா இருந்துச்சு. முதல்ல பக்கத்துல ஒரு போர்ட ட்ரைபாட்ல வச்சு 5.6-லயே எடுத்து நடுவுலயும் நாலு மூலையிலயும் பெருசாக்கிப் பாத்தேன். ஒரு பக்கம் மட்டும் மங்கலா இருந்தா உள்ள கண்ணாடி நகந்துருக்குன்னு அர்த்தம், எங்கயாவது கீழ விழுந்த லென்ஸா இருக்கும். அப்படி இல்ல, நாலு மூலையும் ஒண்ணு போல. அப்புறம் ஒரு நீளவால் இலைக்கோழி தாமரை இலை மேல நடந்து வந்துச்சு. ஆயிரத்துல ஒரு பங்கு ஷட்டர்ல நாலு படம் அடிச்சேன். பெருசாக்கிப் பாத்தேன் மாப்ள. கண்ணு தெரியுது, கண்ணுக்குள்ள கரை தெரியுது. உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு, அந்த வெள்ளப் புள்ளிய காட்டி நீ சத்தியம் பண்ணது.

இப்ப வெலைக்கு வா. என் மச்சினன் போன்ல அம்பதுல ஆரம்பி, வயசானவரு, அறுவதுக்குள்ள முடிச்சிரலாம்னான். எனக்கு மனசு வரல. தன் பொருளோட குறைய தானே சொன்ன மனுஷன்கிட்ட, இல்லாத குறை ஒண்ணு சொல்லி எப்படிடா அடிச்சு பேசுறது. நோட்ட எடுத்து அவருகிட்டயே காட்டுனேன். ஐயா, சுத்தமான பீஸு இப்ப 65-க்கு போகுது, ஹூடு மாத்தணும், காலர்ல பெயின்ட் போயிருக்கு, வாரண்டி முடிஞ்சுது, நான் 60 தரேன். நீங்க கடைக்கு குடுத்தா அவங்க லாபம் போக இதவிட கம்மியாத்தான் தருவாங்கன்னேன். அவரு ஒவ்வொரு வரியா படிச்சாரு. 62 குடுங்க, என் 95 எம்எம் ஃபில்டரயும் பையையும் சேத்து தரேன்னாரு. அந்த சைஸ் ஃபில்டர் நல்லதா வாங்கப் போனா தனியா நல்ல காசு ஆகும். சரின்னுட்டேன். அவரும் முகம் வாடாம குடுத்தாரு, நானும் கனமில்லாம வாங்கிட்டு வந்தேன். பில்லுக்குப் பின்னால இன்னாருக்கு வித்தேன்னு தேதி போட்டு கையெழுத்தும் வாங்கிட்டேன், நாளைக்கு நான் விக்கப் போனா அது வேணும்.

உன் விஷயத்துக்கு வரேன். இந்த லென்ஸு இ டைப், அதாவது அபெர்ச்சர் பிளேட கேமரா கரண்ட்ல மூடும், பழைய மாதிரி நெம்புகோல் கெடையாது. உன் டி90 2008 மாடல், அதுக்கு இந்த பாஷை தெரியாது. மாட்டலாம், ஆனா அபெர்ச்சர் மூடாது, எப்பவும் 5.6-லயே நிக்கும். 60,000 குடுத்து அப்படி ஒண்ண வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ. டேம்ரான் கம்பெனி 150-600 பாக்கிறதுன்னாலும் முதல்ல வந்த ஏ011 மாடல் மட்டும் பாரு, 2016-ல வந்த ரெண்டாவது மாடல் ஜி2 வேண்டாம், அதுவும் இதே கதைதான். அதுலயும் 600-க்கு போனா 6.3 ஆயிரும், உன் கேமரா மங்குன வெளிச்சத்துல ஃபோகஸ் தேடும்.

எனக்கு கேட்டா 300 எம்எம் எஃப் 4, அந்த பழைய டி மாடல் பாரு. 2000-லேர்ந்து வந்தது, உன் கேமராவுல எல்லாம் வேலை செய்யும், உன் கேமராவோட சின்ன சென்சார்ல (க்ராப்) 450 மாதிரி ஆயிரும், ஒன்றரை கிலோவுக்குள்ள. விஆர் கெடையாது, அதனால ஷட்டர் வேகத்த கொறைக்காத. ஒன்றரை மீட்டர் கிட்ட வரைக்கும் ஃபோகஸ் ஆகும், தட்டான் பூச்சி கூட எடுக்கலாம். ஃபோகஸ் மோட்டார் கீச்னு சத்தம் போடுதான்னு மட்டும் காதக் குடுத்து கேளு, சத்தம் வந்தா அடுத்து மோட்டார் போகும், அந்த செலவ வெலையில கழிக்கணும் இல்லன்னா விட்ரணும். நாப்பதுக்குள்ள நல்லது கெடைக்கும்னு நெனைக்கிறேன், நானும் இங்க நோட்டுல உனக்கு தனிப் பக்கம் போட்டு எழுத ஆரம்பிச்சுட்டேன். எது கண்ணுல பட்டாலும் சீரியல் நம்பரோட படம் கேட்டு எனக்கு அனுப்பு.

வாங்குன பிறகு பீரோவுல வைக்காதல. நான் ஒரு பெரிய ஏர்டைட் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ண உள்ள வச்சிருக்கேன், 45 பக்கம் நிக்குது. மீட்டர் ஏற ஆரம்பிச்சா ஜெல்ல வறுத்து திரும்ப போடுறேன்.

பொங்கலுக்கு 13-ஆம் தேதி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல வாரேன், டிக்கெட் போட்டாச்சு. லென்ஸ மடியிலயே வச்சு கொண்டு வருவேன். 15 காலைல இருட்டோட கூந்தன்குளம் போயிரணும், சூரியன் ஏறி கானல் கெளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம்தான் கெடைக்கும், வாத்து கூட்டமா எந்திரிக்கிறதும் அந்நேரந்தான். என் கேமராவுலயே மாத்தி மாத்தி எடுப்போம். தீபாவளிக்கு வெடி போடாம பறவைய வளக்குற ஊரு அது, தெருவுக்குள்ள மரத்துல கூடு கட்டியிருந்தா பக்கத்துல போயி நிக்க வேண்டாம், இந்த லென்ஸுக்கு அந்த அவசியமும் இல்ல.

ஒரு வேலை மட்டும் செஞ்சு வை. பழைய ஜீன்ஸ் பேன்ட் கால ரெண்டு துண்டா வெட்டி டெய்லர்ட்ட குடுத்து பை மாதிரி தைக்கச் சொல்லு, ஒரு பக்கம் மட்டும் தொறந்து இருக்கட்டும். கரை மேல அத வச்சு அதுக்கு மேல லென்ஸ சாத்திட்டா கை ஆடாது. உள்ள போட கொண்டைக்கடலை நான் வாங்கிட்டு வாரேன்.

அம்மாவ விசாரிச்சதா சொல்லு.