கழுதைக்குத் தனிப் பட்டியல் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கோவேறு கழுதைகளுக்கும் கழுதைகளுக்கும் நடந்த நேரக்கணக்குச் சவாரிப் போட்டியைப் பற்றி அரைப் பக்கச் செய்தி வந்திருந்தது. இந்த விளையாட்டுக்கு அரைப் பக்கம் கிடைப்பதே பெரிய விஷயம். முதலில் அதற்கு நன்றி. செய்தியோடு ஒரு படமும் இருந்தது. மணல் களத்தின் நடுவே ஒரு சாம்பல் நிறக் கழுதை நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது. கீழே, "நகர மாட்டேன்! அடம்பிடித்த கழுதையால் அரங்கில் சிரிப்பலை" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கழுதை எங்கள் வீட்டு அல்லி. மேலே உட்கார்ந்திருப்பவள் என் பேத்தி, வயது பன்னிரண்டு.

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. ஒன்பது ஆண்டுகளாக இந்தப் போட்டிகளில் நேரம் குறிக்கும் மேசையில் உட்காருகிறேன். பேத்தி களமிறங்கும்போது மட்டும் எழுந்து வேலியோரம் போய் நின்றுகொள்வேன். வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டி நேரம் குறித்தாள் என்ற பேச்சு வரக்கூடாது. ஆனாலும் என் சொந்த ஸ்டாப்வாட்ச் கையில்தான் இருக்கும். பழக்கதோஷம்.

அன்று நடந்தது பீப்பாய்ச் சுற்று. தங்கள் செய்தியில் அதன் விவரம் இல்லாததால் சொல்லிவிடுகிறேன். களத்தில் மூன்று பீப்பாய்களை முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவது பீப்பாய் 105 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பீப்பாய் 60 அடி. மூன்றையும் சுற்றிவிட்டுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கோட்டின் இருபுறமும் மின்கண் இருக்கிறது; விலங்கின் மூக்கு அதைக் கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், திரும்பிக் கடக்கும்போது நிற்கும். ஒரு பீப்பாயைத் தள்ளிவிட்டால் 5 வினாடி கூட்டப்படும். வழி தவறிச் சுற்றினால் நேரமே கிடையாது. இந்த அளவுகள் எல்லாம் குதிரைகளுக்காக வந்தவை. நன்றாகப் பழகிய குதிரை 17 வினாடியை ஒட்டி முடித்துவிடும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். அல்லி முதல் பீப்பாயை ஒழுங்காகச் சுற்றினாள். (கழுதையை 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, தாங்கள் திருத்திக்கொள்ளலாம்.) இரண்டாவதை நோக்கிப் போகும் வழியில் சட்டென்று நின்றாள். நேரம் மாலை நான்கு மணிக்கு மேல். காலையில் ஓடியவர்களுக்கு இல்லாத ஒன்று அப்போது மணலில் கிடந்தது: வேலிக்கு வெளியே நட்டிருந்த கொடியின் நிழல். காற்றில் கொடி அசைய, நிழலும் பாம்புபோலப் புரண்டுகொண்டிருந்தது. அல்லியின் இரண்டு காதுகளும் முன்னால் குத்திட்டு நின்றன. பிறகு கழுத்தைத் தாழ்த்தி, மூக்கு மணலைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோய் ஒரு முறை ஊதினாள். மணல் பறந்தது. முன்னங்காலில் ஒன்றை எடுத்து நிழலின் விளிம்பில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். அதற்குமேல் அந்த நிழல் அவளுக்குப் பொருட்டாகவே இல்லை. அதன்மேலேயே நடந்து கடந்து, தானாகவே ஓட்டத்துக்கு மாறினாள். என் கடிகாரத்தில் மொத்தம் 11 வினாடி. தங்கள் புகைப்படக்காரர் எடுத்த கணம் மூன்றாவது வினாடியாக இருக்கலாம்.

அந்த 11 வினாடியில் கூட்டத்திலிருந்து "அடி, அடி" என்று ஒரு குரல் வந்தது. என் பேத்தி அடிக்கவில்லை. கடிவாள வாரைத் தளர்த்தினாள், சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், வேறொன்றும் செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ பேருடைய சவாரியைப் பார்த்துவிட்டேன்; அதைவிடச் சரியாக அந்த இடத்தில் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. படத்தில் அவளுடைய கைகளைப் பாருங்கள். உங்கள் வாசகர்கள் சிரித்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அவர்கள் பார்த்திருக்க வேண்டிய இடம் அந்தக் கைகள்.

கழுதை நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்த விலங்கு. மிரண்டால் கூட்டத்தோடு ஓடும், பிறகுதான் எதற்கு ஓடினோம் என்று பார்க்கும். கழுதையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை. வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட, கல்லும் மேடுமான நிலத்தில், தீனி குறைவு என்பதால் பெருங்கூட்டமாக இல்லாமல் சிதறி வாழ்ந்தது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் கால்தான் முறியும். எனவே நின்று, பார்த்து, முடிவெடுப்பதே அதற்கு உயிர்காக்கும் வழியானது. மனிதன் அதைப் பழக்கி ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆகியும் அந்தக் குணம் போகவில்லை. அடித்தால், பயத்தோடு வலியும் சேர்ந்து இன்னும் இறுகி நிற்கும். அதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம்.

வேறொரு காரணத்துக்காகவும் நிற்கும்: வலி. கழுதை நோவை வெளியே காட்டாது. குதிரை உதறும், நொண்டும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். கழுதை கொஞ்சம் மந்தமாக நிற்கும், அவ்வளவுதான். அதனால் அன்று களத்திலிருந்து வந்ததும் நான் முதலில் செய்தது வயிற்றுவாரை அவிழ்த்துக் கையால் தடவிப் பார்த்ததுதான். புண் இல்லை. கழுதையின் முதுகு குதிரையுடையதுபோலத் தோளில் மேடேறி இருக்காது, ஏறக்குறைய நேர்ப்பலகை. நிறுத்தும்போதெல்லாம் சேணம் கழுத்தை நோக்கி வழுக்கும். அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வாலுக்கடியில் ஒரு வார் சுற்றிப் போகும். அந்த வார் கடினமாக இருந்தாலோ இறுக்கிவிட்டாலோ கழுதை எப்படி ஓடும்? குதிரைச் சேணத்தை அப்படியே தூக்கிக் கழுதைமேல் போட்டுவிட்டு வருகிறவர்களை நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. சுமையும் அப்படித்தான். பிரிட்டனில் கடற்கரைச் சவாரிக் கழுதைகள்மீது எட்டு ஸ்டோன், அதாவது சுமார் 50 கிலோவுக்கு மேற்பட்டவர்களை ஏற்றுவதில்லை. நம் போட்டிகளில் கழுதைப் பிரிவில் பெரும்பாலும் சிறுவர் சிறுமியர் இறங்குவதற்கு அதுவே காரணம். அதை "குழந்தைகளின் கேளிக்கை" என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருப்பது சரியல்ல. பெரியவர்கள் ஏறாமல் இருப்பது கழுதைக்குக் காட்டும் மரியாதை.

என் முக்கியமான குறை இதுதான். போட்டியை நடத்தியவர்கள் கோவேறு கழுதைக்கு ஒரு பிரிவு, கழுதைக்கு ஒரு பிரிவு என்று தனித்தனியாகத்தான் நடத்தினார்கள், தனித்தனியாகத்தான் பரிசு கொடுத்தார்கள். தாங்கள் இரண்டையும் சேர்த்து 14 பேரையும் ஒரே பட்டியலாகப் போட்டுவிட்டீர்கள். கோவேறு கழுதைகள் ஒன்பது, கழுதைகள் ஐந்து. முதலிடம் 21.06 வினாடியில் வந்த கோவேறு கழுதைக்கு. சரி. கழுதைப் பிரிவில் வென்ற பெண் 38.90 வினாடியில் வந்தாள். தங்கள் பட்டியலில் அவள் ஒன்பதாவது! அவளுக்குக் கீழே ஒரு கோவேறு கழுதை 39.62 வினாடியோடு இருக்கிறது. ஒரு கழுதை ஒரு கோவேறு கழுதையை முந்தியிருக்கிறது என்பதே அந்த நாளின் பெரிய செய்தி. பட்டியலைப் படித்த ஒருவருக்காவது அது புரிந்திருக்குமா?

பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் இரண்டுக்கும் 'கழுதை' என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோவேறு கழுதை ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்தது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. அதனால்தான் பொதுவாகக் குட்டி போடுவதில்லை. கால்கள் தாயுடையவை, யோசனை தந்தையுடையது. பழந்தமிழில் அத்திரி என்று தனிச் சொல்லே இருந்தது. கோவேறு என்பதற்கும் 'கோ ஏறுவது', அரசன் ஏறிச் செல்வது, என்று பொருள் சொல்வார்கள். அத்திரியையும் கழுதையையும் ஒரே கடிகாரத்தில் ஓடவிட்டு ஒரே பட்டியலில் போடுவது, பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்துத் தரவரிசை போடுவதுபோல. அப்படி ஒன்றை நான் வகுப்பில் செய்திருந்தால் பெற்றோர் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

"கழுதை இனத்துக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்" என்றும் செய்தியில் ஒரு வரி. 1976-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை, 3,000 மைலுக்கு மேல் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. ஒவ்வொரு நாளும் சவாரி செய்த நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. அரபுக் குதிரைகளும் ஐஸ்லாந்துக் குதிரைகளும் வந்திருந்த அந்தப் பந்தயத்தை வெர்ல் நார்ட்டன் என்பவர் லார்ட் ஃபான்டில்ராய் என்ற கோவேறு கழுதையில் ஏறி வென்றார். அதே கலிபோர்னியாவில் 24 மணி நேரத்துக்குள் 100 மைல் கடக்க வேண்டிய டெவிஸ் கோப்பை, 1955 முதல் நடக்கிறது. முன்னால் வந்த பத்தில் உடல்நிலை மிகச் சிறப்பாக இருக்கும் விலங்குக்கு ஹேகின் கோப்பை என்று தனிப் பரிசு உண்டு. 1974-இல் அதை வாங்கியது ஹ்யூகோ என்ற கோவேறு கழுதை. கேட்கத் தோன்றியவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மேசை அங்கேயேதான் இருந்தது.

(இன்னொன்று, இது சிரிப்பதற்குத்தான். கொலராடோ மாநிலத்தில் 1949 முதல் ஒரு கழுதைப் பந்தயம் நடக்கிறது. கழுதையின் முதுகில் மண்வெட்டி, குத்துக்கோடரி, தங்கம் அரிக்கும் தட்டு எல்லாம் சேர்த்து 33 பவுண்டு சுமை. மனிதர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையில் கூடவே ஓட வேண்டும். கழுதையைத் தள்ளலாம், இழுக்கலாம், சுமக்கக்கூடச் செய்யலாம் என்கிறது விதி. ஏறி உட்கார மட்டும் கூடாது. அங்கே கழுதை நின்றால் யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மூச்சு வாங்கக் கிடைத்த நேரம் என்று மனிதர்தான் மகிழ்கிறார்.)

அடுத்த முறை செய்தி போடும்போது இரண்டு பட்டியலாகப் போடுங்கள். இடம் இல்லையென்றால் கோவேறு கழுதையில் முதல் மூவர், கழுதையில் முதல் மூவர் போதும். அபராத வினாடியை அடைப்புக்குறிக்குள் தனியாகக் காட்டுங்கள்.

அபராதம் என்றதும் கடைசியாக ஒரு திருத்தம். நேரத்தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஓடிய நேரம் ஒன்று, அபராதம் ஒன்று. தங்கள் செய்தியாளர் முதல் கட்டத்தை மட்டும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். மற்றவர்கள் யாரும் பீப்பாயைத் தள்ளவில்லை, ஆகவே அந்த எண்கள் சரி. என் பேத்தியின் முழங்கால் மூன்றாவது பீப்பாயில் இடித்து அது சாய்ந்தது. அவளுடைய நேரம் 52.31 அல்ல, 57.31. தங்கள் பட்டியலில் அவள் 12-ஆவது. அந்த இடம் 54.08 வினாடியில் வந்த சிறுவனுக்கு உரியது. இவள் 13. கழுதைப் பிரிவில் அவன் மூன்றாவது, இவள் நான்காவது. மைதானத்தில் அப்படித்தான் அறிவித்தார்கள். "பத்திரிகையில் ஒரு இடம் மேலே போட்டிருக்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாமே பாட்டி" என்றாள் பேத்தி. "அந்தப் பையன் வீட்டிலும் இதே பத்திரிகையை வாங்குவார்களே" என்றேன்.

நேரத்தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாவது கட்டத்தில் சிவப்பு மையில் இருப்பது பக்கத்து மேசைக்காரரின் கையெழுத்து, என்னுடையது அல்ல.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர்