பொறியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தன்று வழக்கம்போல ரத்ததான முகாம் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்த விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். செல்போனில் நாம் கொடுக்கும் ஒப்புதலும், செல்போனில் அடுத்தவர் வேலையைப் பற்றி நாம் சொல்லும் கருத்தும்தான் அது.

சைட்டிலிருந்து மேஸ்திரி வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "சார், 16 எம்எம் கம்பி இல்ல, 12 போட்டுக்கலாமா?" நாம் வேறொரு சைட்டில் நிற்கிறோம். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறோம். சாயங்காலத்துக்குள் கான்கிரீட் போட்டாகிவிடும். ஒரு 16 எம்எம் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 201 சதுர மி.மீ., 12 எம்எம் கம்பிக்கு 113 தான். கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டாவிட்டால் பீமில் இரும்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துபோகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகா கட்டைவிரலை அனுப்பினோம்?

இதையொட்டி ஒரு மாதக் கூட்டம் முழுவதும் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஓட்டல் விபத்தைப் பற்றிப் பேசினோம். 1981 ஜூலை 17 அன்று அங்கே தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடி நடைபாதையும் அதன் கீழே இரண்டாம் மாடி நடைபாதையும் கூரையிலிருந்து இடையில் பிரியாமல் வரும் நீளக் கம்பிகளில் தொங்குவதாகத்தான் முதல் வடிவமைப்பு. அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது சிரமம் என்று இரும்பு வேலை செய்த நிறுவனம் கம்பியை இரண்டாகப் பிரித்தது. மேல் கம்பி நான்காம் மாடி வரை, கீழ் கம்பி அங்கிருந்து இரண்டாம் மாடி வரை. பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் நான்காம் மாடி பீமுக்கு அடியில் இருந்த நட்டின்மேல் இரண்டு நடைபாதைகளின் சுமையும் இறங்கிவிட்டது. போனில் கேட்டுத்தான் மாற்றினோம் என்றது அந்த நிறுவனம். கேட்கவே இல்லை என்றது பொறியாளர் தரப்பு. ஆனால் மாற்றிய வரைபடத்தில் பொறியாளர் அலுவலகத்தின் ஒப்புதல் முத்திரை இருந்தது. பொறுப்பான இரண்டு பொறியாளர்களும் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. வழக்கறிஞர்களுக்கு 1961-லும், கட்டடக் கலைஞர்களுக்கு 1972-லும் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பொறியாளர் தொழிலை முறைப்படுத்த அப்படி ஒரு மத்தியச் சட்டம் இன்னும் இல்லை. அதனால் நம் ஒழுங்கை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம், கருத்துச் சொல்வது. உறுப்பினர் ஒருவர் கட்டிய வீட்டுச் சுவரில் இருந்த விரிசலை யாரோ படம் எடுத்து, 'கட்டடம் தாங்காது' என்று பரப்பிவிட்டார்கள். நம்மவர்களும் சிலர் அதைப் பகிர்ந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது அது பூச்சு காய்ந்ததால் வந்த மயிர்க்கோட்டு விரிசல். அதற்குள் அந்த வீட்டுக்காரர் பட்ட கவலை எவ்வளவு! டிராயிங் பார்க்காமல், சுவரைத் தட்டிப் பார்க்காமல், ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதற்காக வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால் அன்றைக்கே அந்தப் பொறியாளருக்கும், உரிமையாளருக்கும், உள்ளாட்சி அலுவலகத்துக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். சக பொறியாளர் மனம் நோகுமே என்று தயங்கக் கூடாது.

செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறது. கம்பி, தூண், பீம், அஸ்திவாரம் தொடர்பான எந்த மாற்றத்துக்கும் கணக்குப் பார்த்து, தேதியும் கையெழுத்தும் உள்ள திருத்திய டிராயிங் கொடுத்த பிறகே கான்கிரீட். வாட்ஸ்அப் பதில் ஒப்புதல் ஆகாது. அடுத்தது, நேரில் பார்க்காத கட்டடத்தின் உறுதி பற்றி உறுப்பினர்கள் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது. மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தான் வடிவமைக்காத, சரிபார்க்காத பிளானுக்குச் சீல் மட்டும் போட்டுக் கொடுப்பதும், ஸ்கேன் செய்த கையெழுத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவைப்பதும் இனி உறுப்பினர் தகுதியை இழக்கும் குற்றம். இதனால் சிலருக்கு வருமானம் குறையும் என்பது தெரிந்தேதான் கேட்கிறோம்.

விவாதித்து வாக்களியுங்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்