வடசென்னைப் பள்ளிக்கூடங்களின் பழந்தாள்களைக் காக்க: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். வடசென்னையில் கடந்த இருநூறு ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்தன, யாருக்குத் திறந்தன, யாருக்கு மூடிக் கிடந்தன, மூடிய கதவைத் திறக்கப் பாடுபட்டவர்கள் யார் யார் என்பதற்குச் சான்றாக இன்னும் எஞ்சியிருக்கும் தாள்களைத் திரட்டிப் பாதுகாக்கவும், எவரும் வந்து அமர்ந்து படிக்கும்படி பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆவண வாசகசாலை அமைக்கவும் எங்கள் குழு முனைந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர் குடும்பத்தினர், அச்சகத்தார், துறைமுக ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் சேர்ந்த குழு இது. இப்பணிக்கு உங்கள் பொருளுதவியை நாடியே இம்மடலை எழுதுகிறோம்.

அரசின் கோப்புகளுக்குக் குறைவில்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை மாகாண அரசு பிறப்பித்த கல்வி ஆணைகளை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் அந்த ஆணைகள் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் வந்து சேர்ந்தபோது என்ன ஆயின என்பதைச் சொல்லும் தாள்கள் வேறு இடங்களில் கிடக்கின்றன. வீட்டுப் பரண்களில், தகரப் பெட்டிகளில், சங்கக் கட்டடங்களின் மூலைகளில், மூடப்பட்ட சிறு பள்ளிகளின் அலமாரிகளில் சேர்க்கைப் பதிவேடுகள், சான்றிதழ்ப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், இரவுப் பள்ளிக்குச் சந்தா கொடுத்த ரசீதுகள், கூட்டத் துண்டறிக்கைகள், பழைய வாசகப் புத்தகங்கள் என்று அவை சிதறியுள்ளன. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் வியாசர்பாடி, பட்டாளம், புளியந்தோப்புப் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் நாள்கணக்கில் நீர் நின்றது. அப்போது மக்கள் உயிரையும் அரிசியையும் காத்தார்கள். தாள்களைக் காக்க இயலவில்லை. எஞ்சியவற்றை இப்போது இராமபாணப்பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது.

எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னால் இத்தாள்களின் பெறுமதி விளங்கும். நீள்வாக்கில் விரியும் பெரிய புத்தகம். காலிகோ துணி ஒட்டிய அட்டை. பக்கங்களின் கீழ்ப்பாதி முழுதும் நீர்க்கறை. மாணவர் பெயர், தந்தை பெயர், சாதி, தந்தையின் தொழில், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறது. தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ஆலைக்கூலி, நெசவு, கட்டுமரம், வண்டியோட்டி என்ற சொற்கள் மாறி மாறி வருகின்றன. நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் ஒரே கையெழுத்து மீண்டும் மீண்டும் எழுதியிருப்பது: “வேலைக்குப் போய்விட்டான்.” பெண் குழந்தைகளின் பெயர்களுக்கு நேரே பெரும்பாலும் அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அவர்கள் ஏன் நின்றார்கள் என்று எழுதிவைக்கத் தேவையில்லை என அக்காலத்தில் கருதியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டங்களைப் பெரிய வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். ஆங்கிலேயர் வந்துதான் இங்கே எழுத்தறிவித்தார்கள் என்பாரும், அவர்கள் வருமுன் எல்லோரும் கற்றிருந்தார்கள் என்பாரும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவர் கூற்றும் முழுமையானதன்று. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826இல் எழுதிய குறிப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகப் பதிந்திருக்கிறார். அம்மாணவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, ஆத்திசூடியும் எண்சுவடியும் உருப்போட்டு, வகுப்புத் தலைமாணவனான சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன பிள்ளைகள் உண்மையாகவே பலர். அந்தத் திண்ணையில் ஏற முடியாமல் தெருவிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அவர்களினும் பலர். எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வகுத்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் நகரத்துக் குழந்தைகள் அறிய வேண்டிய செய்தி இது என்று கருதுகிறோம்.

கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கும்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கான 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கூறியது. 1835இல் கவர்னர் ஜெனரலின் ஆட்சிக்குழு உறுப்பினர் மெக்காலே எழுதிய குறிப்போ, ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நிற்கும் ஒரு சிறு வகுப்பாரை ஆங்கிலத்தில் உருவாக்கினால் போதும், கல்வி அவர்களிடமிருந்து கீழே இறங்கும் என்ற எண்ணத்தை ஆட்சியின் கொள்கையாக்கியது. 1854இல் இலண்டனிலிருந்து சார்லஸ் உட் அனுப்பிய அறிக்கை பொதுமக்கள் கல்வியையும் மானியப் பள்ளிகளையும் பேசியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் உருவானார்கள். கல்வி தானாகக் கீழே இறங்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 8.86 விழுக்காடு. இறங்காத கல்வியைக் கைநீட்டி இழுத்துக்கொண்டவர்களின் வரலாறே வடசென்னையின் வரலாறு என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரத் தெருவில் 1837இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களைச் சேர்த்தபோது மற்ற பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். ஆண்டர்சன் அச்சிறுவர்களை வெளியேற்ற மறுத்தார். மதமாற்ற நோக்கத்தோடு வந்த பள்ளி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மதமாற்றத்துக்கு எதிராகவே வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி 1844இல் பத்திரிகை தொடங்கினார்; பின்னர் 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை அமைத்தார். பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறநிதியிலிருந்து 1842இல் பிராட்வே பகுதியில் ஒரு பள்ளி பிறந்தது. நம்மவர் பணத்தில் நம்மவருக்காக நடந்த அந்தப் பள்ளியின் வாசலும் தீண்டாதார் எனப்பட்டோருக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. ஆட்சியும் மிஷனும் உள்ளூர் அறமும் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நின்றுவிட்டதை இந்தத் தெருக்களிலேயே நடந்து பார்க்கலாம்.

அவை நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள் வேறு வகையினர். அயோத்திதாசப் பண்டிதர் 1892இல் சென்னை மகாஜன சபையில் ஒடுக்கப்பட்டோருக்கு இலவசக் கல்வியும் நிலமும் கேட்டார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் மக்களின் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டில், பஞ்சமர் என அரசு குறித்த ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கான அரசாணை வந்தது. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் பஞ்சாலைகள் எழுந்த காலத்தில் 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தை ஒன்பது மணி நேரம் உழைக்க இடங்கொடுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதை ஒன்பதாகவும் நேரத்தை ஏழு மணியாகவும் மாற்றியது. அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி என்று வளர்ந்த ஒரு தலைமுறை நம் பாட்டனார் தலைமுறைக்கு முந்தையது. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில் பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்களே, 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் துணைநிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். சங்கத் துண்டறிக்கையைத் தாமே படிக்க வேண்டும் என்ற ஆசையால் எழுத்துக் கற்றவர் உண்டு என்று இன்றும் பெரம்பூர் முதியோர் சொல்லக் கேட்கிறோம். இரவுப் பள்ளிகள் இப்பகுதியில் வேர்விட்டதற்கும், அம்பேத்கர் பெயரில் இன்றும் இரவுப் பாடசாலைகள் நடப்பதற்கும் பின்னால் இந்த ஆசையும் இருக்கிறது.

நெசவோடும் வண்ணாரப்பேட்டையோடும் பிணைந்த பிட்டி. தியாகராயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. சேர்க்கை கூடியது; மேலும் சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது; 1925இல் அன்றைய ஆட்சி அச்செலவை ஏற்க மறுத்ததால் நின்றது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை மாகாண அரசுக்கு முன்பே ஒரு நகர மன்றம் உணர்ந்திருந்தது. அந்த ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகள் எங்கேனும் கிடைத்தால், சிற்றுண்டி வந்த மாதமும் நின்ற மாதமும் பிள்ளைகளின் வருகையை எப்படி மாற்றின என்பதை நாள்வாரியாகப் பார்க்க இயலும். எங்களுக்கு அதில் தீராத ஆவல்.

பெண்கல்வியைப் பற்றி இன்னும் எழுத வேண்டும், தாள்கள்தாம் குறைவு. சிறுவயதிலேயே கைம்மையடைந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று விதவைப் பெண்களுக்கு இல்லம் அமைத்ததும், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டமன்றத்தில் அமர்ந்ததும் நூல்களில் உள்ளன. ராயபுரத்தில் மீன் விற்ற தாயின் மகள் எந்த ஆண்டில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறினாள் என்பது எந்த நூலிலும் இல்லை. அதைப் பதிவேடுகளிலும் மூத்த பெண்களின் வாய்மொழியிலுமே தேட வேண்டும்.

இனிப் பணியைப் பற்றி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நூறாண்டு வீட்டின் மாடிக்கூடத்தை அதன் உரிமையாளர் வாடகையின்றி நீண்டகாலக் குத்தகைக்குத் தர இசைந்திருக்கிறார். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை அது. வெள்ளம் ஏறாத உயரம் என்பதாலேயே அதைத் தேர்ந்தோம். ஆனால் கூரை இரண்டிடங்களில் ஒழுகுகிறது. சிமெண்ட் பூசினால் சுண்ணாம்போடு ஒட்டாது, விரைவில் வெடிக்கும் என்று கொத்தனார் கூறியதால் சுண்ணாம்பு வேலையாகவே செய்ய எண்ணியுள்ளோம். கூரைக்கும் மின்கம்பி வேலைக்கும் ரூ.6,50,000, புத்தகத்தை முழுதும் விரிக்காமலே மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர், கேமரா, கணினி ஆகியவற்றிற்கு ரூ.4,20,000, அமிலமற்ற அட்டைப் பெட்டிகள், கிழிந்த தாளை ஒட்டும் மெல்லிழைத் தாள், மைதா சேராத பசை முதலியவற்றிற்கு ரூ.1,80,000, இப்பகுதியைச் சேர்ந்த இளைஞர் இருவருக்குப் பயிற்சியளித்து ஒன்றரை ஆண்டுக்கு மாதம் ரூ.15,000 வீதம் ஊதியம் தர ரூ.5,40,000, எதிர்பாராச் செலவுக்கு ரூ.60,000. ஆக மொத்தம் ரூ.18,50,000. குழுவினரும் நண்பர்களும் இதுவரை ரூ.4,10,000 கொடுத்துள்ளோம். மீதி ரூ.14,40,000 தேவை. ஊதியத்தைக் குறைத்துத் தன்னார்வலரைக் கொண்டே முடிக்கலாமே என்று சிலர் அன்போடு கேட்டார்கள். வடசென்னைப் பிள்ளைகள் கூலியில்லாமல் உழைத்த கதைகளைத் தொகுக்கும் பணியில் வடசென்னைப் பிள்ளைகளுக்கே கூலி கொடுக்காமலிருக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

தாள்களைக் கொடுப்பவர்களுக்கு ஓர் உறுதி. மூலத்தை நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சுத்தம் செய்து, படமெடுத்து, பெட்டியிலிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். பள்ளிப் பதிவேடுகளைப் பொறுத்தவரை, உரிய நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி பெற்ற பின்னரே படமெடுப்போம். அவற்றில் சாதிப் பெயரும் வீட்டு முகவரியும் இருப்பதால், பேர் விளங்கும் பக்கங்களைப் பொதுவெளியில் இடமாட்டோம். ஆய்வாளர்கள் கூடத்திலேயே அமர்ந்து பார்க்கலாம். ஒருவர் தம் பாட்டனாரின் பக்கத்தைக் கேட்டால் அச்சிட்டு இலவசமாகத் தருவோம்.

நன்கொடையைக் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்குக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் செலுத்த வேண்டுகிறோம். தனி ஒருவர் கணக்கிற்கோ, வீடு தேடி வருவோரிடம் ரொக்கமாகவோ கொடுக்க வேண்டாம். ரூ.100 தொடங்கி எத்தொகைக்கும் எண்ணிட்ட ரசீது உண்டு. ஒரு பதிவேட்டைச் செப்பனிட்டுப் படமெடுத்துப் பெட்டியிலிட ஏறத்தாழ ரூ.1,500 ஆகும், முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து தம் பள்ளியின் ஒரு பதிவேட்டை ஏற்றுக்கொள்ளலாம். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்கீழ் விலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது கிடைக்கும்வரை விலக்கு உண்டு என்று கூறி யாரிடமும் பணம் பெறமாட்டோம். வெளிநாட்டு நிதியைப் பெற எங்களுக்கு அனுமதி இல்லை. வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நன்கொடையாளர் எவரும் ரசீதுப் புத்தகங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

பணமாகக் கொடுக்க இயலாதவர்கள் தாள்களாகக் கொண்டு வரலாம். நனைந்த தாள்களைப் பிரிக்க முயலாமலும் வெயிலில் காயவைக்காமலும், பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றி, அந்துருண்டை போடாமல் எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை மாடிக்கூடத்தில் குழுவினர் இருப்போம்.

இங்ஙனம்,
ஆவண வாசகசாலை அமைப்புக் குழுவினர்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை