மூன்று மாநிலங்கள், ஒரு பட்டியல்

நிபோங் திபால், பாரிட் புந்தார், பண்டார் பாரு வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

சென்ற வாரம் நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றி வந்ததை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். முழு விடுதிப் பள்ளிகளில் முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், சேர்வதற்கான பி.கே.எஸ்.கே. தேர்வில் நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்களைப் பெற்றோரிடம் கேட்டுத் திரட்டி, தென் செபராங் பிறை, கெரியான், கூலிம் பண்டார் பாரு என மூன்று கட்டங்களாகப் பிரித்து, சராசரி போட்டு, முதலிடத்துக்குப் பச்சையும் கடைசி இடத்துக்குச் சிவப்பும் பூசியிருந்தார்கள். தயாரித்தவர் பெயர் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் அதைத் திரையிட்டு, 'சிவப்பு' வட்டாரத்துத் தலைமையாசிரியர்களிடம் விளக்கம் கேட்கப் போவதாக ஒரு பொறுப்பாளர் என்னிடம் சொன்னார். அந்தப் பட்டியலைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆறாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒப்பீடே கூடாது என்று சொல்லும் சாது அல்லேன். ஆறாம் ஆண்டின் அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் பள்ளி வேலியில் பதாகை கட்டியவர்களில் நானும் ஒருவன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை 7ஏ எடுத்தால், 'தேசியப் பள்ளியில் 5ஏ தான், நம் பிள்ளை 7ஏ' என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். தேசியப் பள்ளியில் மொத்தத் தாள்களே ஐந்துதான். நம் பிள்ளைகளுக்குத் தமிழ்த் தாள்கள் இரண்டு சேர்ந்து ஏழு. மலாய்த் தாளும் இரு வகைப் பள்ளிகளுக்கும் வெவ்வேறு. இதெல்லாம் தெரிந்திருந்தும் அப்படிப் பேசினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தக் கைதட்டலுக்கு 2016-இல் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஆண்டு தேர்வின் வடிவம் மாறியது. ஆங்கிலம் இரண்டு தாளாகப் பிரிந்ததால் நமக்கு எட்டுத் தாள்களாயின; உயர்நிலைச் சிந்தனைத் திறன் கேள்விகளும் கூடின. முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் எல்லாத் தாள்களிலும் ஏ பெற்றவர்கள் 8 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தார்கள். 2016-இல் அது 1 விழுக்காட்டை ஒட்டி வந்து நின்றது. எங்கள் பள்ளியில் ஒருவரும் இல்லை. முடிவு வந்த அன்று ஒரு தந்தை வகுப்பறை வாசலில் நின்று, "போன வருஷம் நாலு பேரு வாங்குனாங்களே சார், இந்த வருஷம் நீங்க சரியா சொல்லிக் கொடுக்கலையா?" என்று கேட்டார். அதே நாற்காலி, அதே கரும்பலகை, அதே வாத்தியார். மாறியது அளவுகோல். அதை அவருக்கு விளக்க எனக்கு அன்று வாய் வரவில்லை. ஓராண்டுக்கு முன் அதே அளவுகோலைக் காட்டி மார்தட்டியவன் அல்லவா நான்?

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். கெரியான் ஆற்றின் இக்கரையில் பினாங்கின் தென் செபராங் பிறையைச் சேர்ந்த நிபோங் திபால். பாலத்தைத் தாண்டினால் பேராக்கின் கெரியான் மாவட்டத்துப் பாரிட் புந்தார். பக்கத்திலேயே கெடாவின் பண்டார் பாரு. மூன்று மாநிலம், மூன்று மாவட்டக் கல்வி இலாகா. ஆனால் சந்தையும் கோயில் திருவிழாவும் கல்யாண மண்டபமும் எல்லாருக்கும் பொது. அக்கரையில் குடியிருந்துகொண்டு இக்கரைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். தாய் நிபோங் திபாலில் வேலை பார்த்தால், பிள்ளையும் அவரோடு வந்து அங்கேயே படிக்கிறது. பட்டியலில் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் தென் செபராங் பிறையின் கணக்கில் ஏறுகிறது. வளர்த்ததும் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததும் கெரியான்காரர்கள். எந்தக் கட்டத்துக்கு இந்தப் பெருமை சேர வேண்டும்?

தென் செபராங் பிறை என்பதும் இன்று ஒரே மாதிரியான வட்டாரம் இல்லை. கரும்பும் பிறகு ரப்பரும் செம்பனையுமாக இருந்த மண்ணில், 2014-இல் பத்து காவானில் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைகளும் புதிய வீடமைப்புகளும் எழுந்துவிட்டன. தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும், தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை இருக்கும் காலிடோனியா பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளையும் ஒரே சராசரிக்குள் போட்டு, அதை வயலும் தோட்டமுமான கெரியானோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசத்தில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டு வருமானத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, எண்ணிக்கை. நம் பள்ளிகளில் பல, நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள். ஆறாம் ஆண்டில் எட்டுப் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தால் பன்னிரண்டரை விழுக்காடு. அடுத்த ஆண்டு அப்படி ஒரு பிள்ளை அமையாவிட்டால் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்காகத் தலைமையாசிரியரை எழுந்து நிற்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் பட்டியலின் பெரிய குறை இவை எதுவும் இல்லை. தேர்வே எழுதாத பிள்ளைக்கு அதில் இடமில்லை என்பதுதான் அது. யூ.பி.எஸ்.ஆர். எல்லாரும் எழுதிய தேர்வு, பி.கே.எஸ்.கே. விண்ணப்பித்தவர்கள் மட்டும் எழுதுவது. நன்றாகப் படிக்கும் இருவரை மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லும் பள்ளியின் சராசரி உயரும். முயன்று பார்க்கட்டும் என்று பத்துப் பேரையும் எழுத வைக்கும் பள்ளியின் சராசரி இறங்கும். நம் பட்டியல் முதல் பள்ளிக்குப் பச்சை பூசுகிறது. இதைப் பார்க்கும் ஒரு தலைமையாசிரியர் அடுத்த ஆண்டு என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்?

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் டியூஷன் வரும் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன். அவன் தந்தை செம்பனை வெட்டுகிறவர். ஒரு மாலை, கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசியை எடுத்து வந்து, "இத எப்படி நிரப்பணும் சார்?" என்று கேட்டார். அடையாள அட்டை எண்ணை நானே தட்டிப் பார்த்தேன். விண்ணப்பம் முந்திய நாளே மூடப்பட்டிருந்தது. பள்ளியிலிருந்து மலாயில் வந்த சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வியர்வையில் ஓரம் கிழிந்திருந்தது. அந்தப் பையன் உங்கள் பட்டியலில் பச்சையிலும் இல்லை, சிவப்பிலும் இல்லை.

பக்கத்து ஊரோடு மதிப்பெண்ணை ஒப்பிடும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இங்கிலாந்தில் மெட்வே வட்டாரத்தில் வசிக்கிறாள். அங்கே பதினோரு வயதில் கிராமர் பள்ளிக்கு, அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிக்கு, நுழைவுத் தேர்வு. பக்கத்து கென்ட் வட்டாரத்தில் ஆங்கிலம், கணக்கு, தர்க்கச் சிந்தனை என மூன்றின் மதிப்பெண்களைக் கூட்டுகிறார்கள். அண்மைய ஆண்டுகளில் அங்கே தேற 332 வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் தனியாக ஒரு குறைந்த அளவும் உண்டு. மெட்வேயிலோ கணக்கையும் கட்டுரையையும் இரட்டிப்பாக்கிக் கூட்டுவதால், தேறுவதற்கான எண் கென்ட்டை விட நூற்றுக்கு மேல் கூடுதல். எண்களை மட்டும் பார்த்தால் மெட்வே பிள்ளைகள் மேதைகள் என்று தோன்றும். உண்மையில் இரண்டு வட்டாரங்களும் தத்தம் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அங்கே பிறந்த மாதத்தையும் கணக்கில் எடுத்து மதிப்பெண்ணைச் சரிசெய்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, டிசம்பரில் பிறந்து, வகுப்பிலேயே சின்னஞ்சிறியவர்களாக உட்கார்ந்திருந்த என் பழைய மாணவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. நாம் அவர்களுக்கு ஒரு மதிப்பெண்கூட விட்டுக் கொடுத்ததில்லை.

சிங்கப்பூரை நாம் எதற்கெடுத்தாலும் உதாரணம் காட்டுவோம். அங்கே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.யில் முதலிடம் பெற்ற மாணவரின் பெயரை அறிவிப்பதைக் கல்வி அமைச்சு 2012-இலேயே நிறுத்திவிட்டது. சக மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பழைய மதிப்பெண் முறையையும் 2021-இல் கைவிட்டார்கள். நம் நாட்டிலும் அதே 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். ஒழிந்தது, அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 ஒழிந்தது. அரசாங்கம் எடுத்துவிட்ட பதாகையை நாம் ஏன் கைப்பேசிக்குள் கட்டிக்கொண்டிருக்கிறோம்?

கூட்டத்தில் வேறு கணக்கு ஒன்றைப் பேசலாம். ஒவ்வொரு பள்ளியிலும் ஆறாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், விண்ணப்பிக்காதவர்கள் என்ன காரணத்தால் விட்டார்கள் என்று மூன்று வட்டாரத்துக்கும் சேர்த்து எழுதுவோம். அதோடு, முதலாம் படிவத்துக்கு நேராகப் போனவர்கள் எத்தனை பேர், மலாய் மொழியில் தேர்ச்சி பெறுவதற்காக முதலாம் படிவத்துக்கு முன், நாம் ரிமூவ் கிளாஸ் என்றே சொல்லிப் பழகிய புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்க்க வேண்டும். விடுதிப் பள்ளிக்குப் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவர்கள். புகுமுக வகுப்புக்குப் போகிறவர்கள் அப்படியில்லை. இவ்வளவு பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சிறு கூட்டத்தின் சராசரிக்கு வண்ணம் பூசுவது, என் பார்வையில், வீண் வேலை.

விண்ணப்பம் திறக்கும் வாரத்தில் மூன்று ஊர்களிலும் ஒரு சனிக்கிழமை காலை, மண்டபத்தில் இரண்டு மேசை போட்டு, கணினி தெரிந்த இளைஞர் நால்வரை உட்கார வைத்துப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். சுற்றறிக்கையைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும் வேலையை நான் ஏற்கிறேன். கைப்பேசியோடு வந்த அந்தத் தந்தையிடமும் பேசிவிட்டேன். அவருடைய இளைய மகள் இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். முதல் மேசைக்கு முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூட்ட நிகழ்ச்சி நிரலில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
நிபோங் திபால்