பிரஷைப் பூட்டி வைக்காதே

மக்களே,

நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, அதனால்தான் இது. நீ போதகராயிருக்கிற தேயிலைத் தோட்டத்துச் சபையின் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில், பைபிளில் இயேசு கிணற்றடியில் பேசிய சமாரியப் பெண்ணைக் கொழுந்து கிள்ளுகிற அக்காமார் மாதிரி, இடுப்பில் பிளாஸ்டிக் தாளும் முதுகில் கூடையுமாக வரைய ஆரம்பித்தாய், கமிட்டியில் ஒருவர் எழுந்து “போதகரைப் படம் வரையவா அனுப்பினார்கள்?” என்று கேட்டார், நீயும் பிரஷை எல்லாம் பெட்டிக்குள் வைத்துவிட்டாய். சரி, வைத்தது வைத்தாய். பூட்டிவிடாதே.

இந்தக் கேள்வி உனக்குத்தான் புதுசு. அப்பாவும் போதகர்தானே, எந்தச் சபைக்கு மாற்றலாகிப் போனாலும், மரச்சாமான் இறக்குவதற்குள் ஒருவர் வந்து, “ஐயா பாட்டு எழுதுவாராமே, நாடகமும் போடுவாராமே” என்று இழுப்பார். அந்த ‘ராமே’யில் எல்லாம் இருக்கும். உண்மையைச் சொன்னால் அப்பா போட்ட நாடகங்கள் சுமார்தான், ஏரோது ராஜா வாயைத் திறந்தால் மூடவே மாட்டான், பின்வரிசையில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். படத்திலும் உன் கை அவருக்கு வராது. ஆனால் பாட்டு வேறு. அவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தபோது அங்கே தியாபிலஸ் அப்பாவு ஐயா இருந்தார், பரட்டை அண்ணன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஊரில் சனங்கள் பேசுகிற தமிழில், அவர்கள் தாளத்தில், பறையோடு சாமி கும்பிட வேண்டும், பாடுகிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி பாட்டை மாற்றிக்கொள்ளட்டும் என்று சொன்ன மனுஷன். 2005-இல் அவர் போன செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

அந்தப் படிப்பு நம் பக்கத்துக்கு எப்படிப் பொருந்தியது என்று உனக்கே தெரியும். 1956 நவம்பர் 1-இல் நமக்கும் கேரளத்துக்கும் நடுவே கோடு போட்டபோது விளவங்கோடு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் என்று ஆனது, ஆனால் சொந்தபந்தத்தை யார் பிரிக்க முடியும்? எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு சாவு என்றால் பாறசாலையிலிருந்தும் அப்பாலிருந்தும் வண்டி வண்டியாக ஆள் வரும், வந்தவர்களில் பாதிப்பேர் மலையாளத்தில்தான் அழுவார்கள். தமிழ்ச் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையை எடுத்துப் பாடினால் அவர்கள் சும்மா நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் அப்பா ஒரு அடக்கப் பாட்டு எழுதினார், இரண்டு சரணம் தமிழ், மூன்றாவது மலையாளம், பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு அதையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் அந்த மூன்றாவது சரணம் வரும்போது அதுவரை வாயைத் திறக்காத கிழவிகள் பாடத் தொடங்குவார்கள். அதைக் கலை என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

ஆர்மோனியம் பிரிக்கிறது உனக்கு நினைவிருக்கும். சாப்பாட்டு மேஜையில் பழைய தினத்தந்தியை விரித்து, பித்தளை ரீடு ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைப்பார். ஸ்வரம் இறங்கி நிற்கிற ரீடின் நுனியைப் பிளேடால் துளி சுரண்டினால் ஏறும், ஏறி நிற்பதன் அடியைச் சுரண்டினால் இறங்கும், கொஞ்சம் கூடிப்போனால் ரீடே போச்சு. அந்த நேரத்தில் ஃபேன் போடக் கூடாது, நாம் யாரும் இருமக்கூடக் கூடாது. ஆனால் பெரியாஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்திருக்கிறார்கள் என்று ஆள் வந்துவிட்டால் பிரித்தது பிரித்தபடி கிடக்கும், அப்பா அங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்றைக்கு ராத்திரி நாம் எல்லாரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம்.

அந்த ஆசாரி தாத்தா கதையை நீ கேட்டிருக்க மாட்டாய், நீ அப்போது கைப்பிள்ளை. கல்லறை நிலத் தகராறில் கோயிலுக்கு வருவதையே விட்டவர். முன்பிருந்த போதகர்கள் போய்க் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டார்கள். அப்பா கூப்பிடவே இல்லை. பலாமரத்தில் பிரசங்க பீடம் ஒன்று செய்ய வேண்டும், இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சாயங்காலம் தோறும் அவர் பட்டறைக்குப் போய் நின்றார். சபையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மரத்தைப் பற்றித்தான் பேச்சு. பீடம் முடிந்து கோயிலில் வைத்த ஞாயிற்றுக்கிழமை, அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கவென்றே தாத்தா வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் ஒழுங்காக வந்தாரா என்று கேட்காதே, கிறிஸ்மஸுக்கு மட்டும்தான். ஆனால் அந்த வீட்டு வாசல் எங்களுக்குத் திறந்தே இருந்தது.

நம் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினால் இன்னமும் சாமர்வெல் டாக்டர் பேர் வராமல் இராது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட்டில் ஏறப் போனவர், இரண்டாம் தடவை ஆக்சிஜன் இல்லாமலே 28,000 அடி வாக்கில் எட்டிவிட்டுத் திரும்பினார். முதல் தடவை மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றி வந்தவர் நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்குவது என்று முடிவெடுத்தார். அவர் படம் வரைந்தார், திபெத்துக்காரர்கள் பாடிய மெட்டுகளை எழுதி வைத்துக்கொண்டார். அதற்கும் நூறு வருஷம் முந்தி, 1820களில், மால்ட் மிஷனரியின் மனைவி மார்த்தா அம்மா நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது ஜெபமும் இல்லை பிரசங்கமும் இல்லை, ஆனால் சபை ஆண்டுவிழா மேடையில் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறோம். செத்துப்போனவர்கள் செய்தால் சரித்திரம், இருக்கிற போதகர் செய்தால் வேலையில்லாத வேலை!

இதை எல்லாம் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளில், நீ இன்னும் போகாத லயம் ஏதாவது இருக்கிறதா? மழை, அட்டை, ஏற்றம் என்று தள்ளிப்போட்ட வீடுகள்? இருந்தால் அந்தக் கமிட்டிக்காரர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டு வா. மிச்சப் பாதிக்கு ஒரு வழி சொல்கிறேன். அவர் வீட்டுப் பெண்களும் கொழுந்துக்குப் போகிறவர்கள்தானே, கூடையை எப்படி மாட்டுகிறார்கள், தாளை எப்படிச் சுற்றுகிறார்கள் என்று அவர் வீட்டிலேயே போய்க் கேட்டு அந்தப் படத்தை முடி. நீ வரைந்த கூடையைப் போட்டோவில் பார்த்தேன், அந்தக் கயிற்றில் இலை நிற்காது.

மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டிலும் நேந்திரங்காய் வற்றலும் தெரிந்த பையன் கையில் கொடுத்துவிடுகிறேன். பிரஷ் கழுவுகிற தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் தேனை வைத்துவிடாதே, போன தடவை மாதிரி.

அம்மா