எங்கள் தெரு அங்கன்வாடிக்கு நன்றி

அன்புள்ள டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

காலை நேரத்தில் கூடமாட ஒத்தாசையாக இருக்கலாமா என்று கேட்டு வந்தேன். மறுபேச்சு இல்லாமல் பிள்ளைகளோடு பாயில் உட்கார வைத்தீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

அந்த நாலு வயதுப் பாப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஆனால் "நாலு புளியங்கொட்டை கொடு" என்றால் கை நிறைய அள்ளி நீட்டுவாள். டீச்சர், நீங்கள் அவளைத் திருத்தவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டீர்கள், ஆளுக்கு ஒரு தட்டு. ஒருவனுக்கு இரண்டு விழும், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் இருக்காது. அவன் கத்துகிற கத்தலில் இவளே ஓடிவந்து எடுத்து மாற்றுவாள். அப்படியே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் தட்டில்லாத பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆயா, இன்னும் மூணு தட்டு வேணும்" என்றாள். சரியாக மூன்று! ஆயாம்மா, நீங்கள் அந்தத் தட்டுகளை அவள் கையிலேயே கொடுத்து வைக்கச் சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இத்தனையும் எந்த வேலைகளுக்கு நடுவில்! 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, செல்போனில் விவரம் ஏற்றுவது என்று பாதிப் பொழுது அதிலேயே போய்விடுகிறது. நம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை நியமித்துப் பார்த்த ஆய்வில், பாடம் நடக்கும் நேரம் இருமடங்கானது, பிள்ளைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டன. குறை டீச்சர்களிடம் இல்லை, ஆள் போதவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் நானும் சொல்வேன்.

மரக்கட்டைகளை முனை குத்தாமல் இழைத்துக் கொடுத்த ஆசாரி அண்ணா, வண்ணத் துணித்துண்டுகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்த தையல்கடை அக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் நரிக் கதை சொல்ல வந்த பாட்டி, உங்களுக்கெல்லாம் நன்றி. வீட்டில் வெண்டைக்காயை எண்ணி எடுத்து வைக்கச் சொன்ன அம்மாக்களே, அப்பாக்களே, மறுநாள் பாயில் அதன் பலன் தெரிந்தது.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேர வருவார்கள். முதல் வாரம் முழுக்க அழுகைதான் இருக்கும். காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் டீச்சரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். நானும் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரி